கழுத்துப் பட்டையும் ஊசிச் சோதனையும்

மக்களுடைய உறுப்புக்களைப் புனைந்துரைக்கப் புகுந்த நம் புலவர், கழுத்துக்குச் சங்கினையும் கமுகினையும் உவமையாகக் காட்டுதல் மரபு. சிற்ப நூல் வல்லாரும் தெய்வ வடிவங்களின் கழுத்தில் மூன்று வரைகளைப் பொறித்து, அவற்றை நல்லிலக்கணமாகவே கொண்டனர். இவையெல்லாம் கழுத்தின் குறுக்கே ஓடும் வரைகள். முதுமையில் உடலின்மேல் நெடுகப் புடைத்துத் தோன்றுவனவற்றையும் நம் முன்னோர் மறைத்துக் கூறினாரல்லர். புறநானூற்றின் 278ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒரு முதிய தாயின் மெலிந்த உடலில் நரம்பு மேலெழுந்து காணப்படுதலை உள்ளவாறே உரைக்கின்றார். அத்தாயே அப்பாட்டின் தலைமைக்குரியவள். முதுமையின் அடையாளம் அவளுடைய பெருமைக்குச் சிறிதும் இழுக்காகவில்லை.

இக்காலத்திலோ, கழுத்தில் நெடுகத் தோன்றும் பட்டைகள் ஒரு குறையாகக் கருதப்பட்டு, அவற்றைக் குறைத்தற்கு ஊசி மருந்தும் ஏற்பட்டுள்ளது. அம்மருந்து நூற்றுக்கணக்கான மக்களிடத்துச் சோதித்துப் பார்க்கப்பட்டு, 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்க நாட்டின் உணவு மருந்து ஆட்சியகத்தாரால் இசைவளிக்கப்பெற்றது. இவ்வூசியைப் பற்றி மூன்று வினாக்களை ஈண்டு ஆராய்வாம். கழுத்துப் பட்டை என்பது யாது? அதற்குரிய மருந்து எவ்வாறு சோதிக்கப்பட்டது? அத்தகைய சோதனைக்கு உடம்பைக் கொடுக்கும் ஒருவரிடம் எவ்வாறு ஒப்புதல் பெறவேண்டும்? முன்னைய இரண்டும் விஞ்ஞானம் பயிலும் அன்பர்க்கு உரியன என்று தோன்றலாம். மூன்றாவது வினாவோ மொழி பயில்வார்க்கே சிறப்பாக உரியது. ஆதலின் தமிழ் மாணவன் ஒருவன் இதனை எழுதப் புகுந்தது மிகையாகாது.

பட்டை என்பது யாது

கழுத்தில் புடைத்துத் தோன்றும் இப்பட்டையை நம் நாட்டார் "நரம்பு" என்றே வழங்குவர். நரம்பு என்னும் சொல் உணர்ச்சி செல்லும் இழைக்கும், குருதி செல்லும் குழாய்க்கும், தசையைப் பிணிக்கும் நாணுக்கும், யாழின் தந்திக்கும் பொதுவாய் நிற்பது. ஆனால், கழுத்துப் பட்டை இவற்றுள் எதுவுமன்று. அது தசையின் ஓரமாகும்.

கழுத்தின் தோலை அடுத்து, அதன் கீழே, துணி விரித்தாற்போன்று மெல்லியதொரு தசை உண்டு. அதனைப் பிளாட்டிஸ்மா என்பர். தட்டையானது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். மார்பின் மேற்பகுதியிலும் தோளிலும் தொடங்கி, காறையெலும்பைக் கடந்து, கழுத்தின் இருமருங்கும் ஏறி, தாடையெலும்பிலும் முகத்தின் கீழ்ப்பகுதியிலும் அது சென்று முடிகின்றது. முகத்தை இயக்கும் ஏழாம் மூளை நரம்பின் ஒரு கிளையே இதனையும் இயக்குவது. பற்களைக் கடித்து, வாயின் கோடிகளைக் கீழ்நோக்கி இழுத்துக் கண்ணாடியில் நோக்குவார், இத்தசை சுருங்கிக் கழுத்தில் கயிறுபோல் எழுவதைத் தாமே காணலாம். இளமையில் சுருங்கும்போது மட்டும் தோன்றும் இவ்வோரங்கள், ஆண்டு முதிரத் தோலும் அதன்கீழ் உள்ள கொழுப்பும் மெலிந்து தளர்வதனால், ஓய்ந்திருக்கும்போதும் தெரிகின்றன. இவையே பட்டைகள். இவற்றால் நோவு இல்லை. உண்ணுதற்கும் பேசுதற்கும் இடையூறு இல்லை. இவை நோயல்ல என்பதனை வாசகர் நெஞ்சிற் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். இக்கட்டுரையின் பின்னைய பகுதி முழுதும் இவ்வொன்றைப் பற்றியே நிற்பது.

நஞ்சு மருந்தான வரலாறு

இப்பட்டையைத் தளர்த்தும் மருந்து ஒரு கொடிய நஞ்சு. ஜெர்மனியின் தென்மேற்கில் வூர்ட்டம்பர்க் நாட்டில், கெட்டுப்போன இறைச்சிப் பண்டத்தை உண்டோர் கண் இமை சரிந்து, நாவு உலர்ந்து, விழுங்கமாட்டாராய், இறுதியில் மூச்சடைத்து மாண்டனர். யூஸ்டினுஸ் கெர்னர் என்னும் வைத்தியர் இதனை ஆராய்ந்து, 1822ஆம் ஆண்டில் 155 பேருடைய நிலையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அவர் தம் நாட்டில் புகழ்பெற்ற கவிஞருமாவர். அந்நஞ்சைத் தம் உடம்பிலேயே சிறிதளவு சோதித்தறிந்த அவர், அளவு குறைத்து வழங்கின், அடங்காது துடிக்கும் உறுப்புக்களை அடக்க அது பயன்படக்கூடும் என்றும் எழுதினார். அவர் எழுதியது நிறைவேற ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

1895ஆம் ஆண்டு டிசம்பரில் பெல்ஜிய நாட்டின் எல்லசெல் என்னும் சிற்றூரில், இழவு வீட்டிற்கு வாத்தியம் வாசிக்கச் சென்ற இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றியிறைச்சியை உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். எமில் வான் எர்மெங்கம் என்பார் அவ்விறைச்சியிலிருந்தும் இறந்தார் உடலிலிருந்தும் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அதுவே கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என இன்று பெயர் பெறுவது. பொட்டுலுஸ் என்பது இலத்தீனில் குடலில் அடைத்த இறைச்சிப் பண்டத்தின் பெயர்.

அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துக் கண் வைத்தியராகிய ஆலன் ஸ்காட், மாறுகண்ணைக் கத்தியின்றி நேராக்க விரும்பி, இந்நஞ்சைக் குரங்குகளின் கண் தசையில் ஏற்றிய சோதனையை 1973ஆம் ஆண்டிலும், மக்களிடத்துச் செய்ததனை 1980ஆம் ஆண்டிலும் வெளியிட்டார். 1989ஆம் ஆண்டில் மாறுகண்ணுக்கும், இமை தானே இறுக மூடும் நோய்க்கும் இது மருந்தென ஏற்கப்பட்டது. பின்னர்ப் போடாக்ஸ் என்னும் வணிகப் பெயரால் உலகெங்கும் பரவியது. 2000ஆம் ஆண்டில், கழுத்துத் தசைகள் முறுக்கித் தலையை ஒருபுறம் கோணச் செய்யும் துன்பந்தரும் நோய்க்கும் இசைவு கிடைத்தது.

இமை நோய்க்கு இவ்வூசியைப் பெற்றவரிடத்து ஒரு புதுமை காணப்பட்டது. அவர் புருவங்களின் நடுவேயிருந்த சுருக்கங்களும் மறைந்தன. கனடாவின் வான்கூவர் நகரத்து ஜீன் கருத்தர்ஸ், அலஸ்டேர் கருத்தர்ஸ் என்னும் வைத்தியத் தம்பதியர் இதனை ஆராய்ந்து 1992ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் பயனாகப் புருவச் சுருக்கத்திற்கு 2002இலும், கண்ணின் கடைச் சுருக்கத்திற்கு 2013இலும், நெற்றிச் சுருக்கத்திற்கு 2017இலும், கழுத்துப் பட்டைக்கு 2024இலும் இசைவு வழங்கப்பெற்றது. நோயைத் தீர்க்கப் புறப்பட்ட மருந்து இவ்வாறு அழகுக்கும் உரியதாயிற்று.

அது செய்யும் வேலை எளிதிற் கூறத்தக்கது. நரம்பின் நுனி, தசைக்கு "சுருங்குக" என்று ஆணையிடும்போது, அசிட்டைல்கோலின் என்னும் பொருளை வெளிவிடுகின்றது. அப்பொருளை வெளியே தள்ளுதற்கு உதவும் ஒரு புரதத்தை இந்நஞ்சு துண்டித்துவிடுகின்றது. ஆணை எழுதப்பட்டும் அஞ்சலிற் சேர்க்கப்படாமல் நின்றுவிடுவதை இஃது ஒக்கும். தசை ஓய்கின்றது, பட்டை தாழ்கின்றது. சில நாளில் தொடங்கும் இவ்விளைவு, மூன்று நான்கு மாதங்களில், நரம்பு தன் வலிமையைத் திரும்பப் பெற்றதும் நீங்குகின்றது. எனவே, பட்டை மீளத் தோன்றாதிருக்க வேண்டுவோர் ஆண்டிற்குப் பன்முறை ஊசி பெறுதல் வேண்டும்.

இம்மருந்தின் அளவை "யூனிட்டு" என்பர். ஒரு கூட்டம் சுண்டெலிகளுக்கு ஏற்றின் அவற்றுட் பாதியைக் கொல்லும் அளவே ஒரு யூனிட்டு என ஆதியில் வகுக்கப்பட்டது. எலிகளை விடுத்து, வளர்த்த உயிரணுக்களைக் கொண்டு அளக்கும் முறைக்கு 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இசைவு கிடைத்தது. ஒரு நிறுவனத்தார் மருந்தின் யூனிட்டும் மற்றொரு நிறுவனத்தார் மருந்தின் யூனிட்டும் சமமாகா என்பதும் அறியத்தக்கது.

சோதனை நடந்த முறை

காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. குருதியழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. கழுத்துப் பட்டை குறைந்தது என்பதனை எங்ஙனம் அளப்பது? அழகு பார்ப்பவர் கண்ணில் உள்ளது என்று விடுவோமாயின் சோதனை இல்லை. ஆதலின், சோதனை செய்தோர் முதலில் ஓர் அளவுகோலை வகுத்தனர். பட்டை மிகச் சிறிதாக உள்ளதா, சிறிதா, நடுத்தரமா, கடுமையா என்று படிப்படியாகப் பிரித்து, பங்கேற்பவர் கழுத்தை இயன்றவரை இறுக்கும்போது அது எப்படியில் நிற்கின்றது என்று குறித்தனர். வைத்தியர் ஒருபுறமும், ஊசி பெற்றவர் மற்றொருபுறமும் தனித்தனியே மதிப்பிட்டனர். இருவர் கண்ணும் ஒப்பினாலன்றி வெற்றி என்று கொள்ளாமை இம்முறையின் சிறப்பு.

அளவுகோல் மட்டும் போதாது. ஊசி பெற்றவர் "குறைந்தது" என்று எண்ணுதற்கு, ஊசி பெற்றோம் என்னும் நினைவே காரணமாகலாம். இம்மயக்கத்தை நீக்க மூன்று காவல்களை அமைப்பர். முதலாவது, போலி ஊசி. பங்கேற்போருள் ஒரு பகுதியார்க்கு நஞ்சு சிறிதுமில்லாத நீர்மத்தை ஏற்றுதல். இரண்டாவது, சீட்டு முறை. யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்பதனை வைத்தியர் விருப்பத்திற்கு விடாது குலுக்கலால் முடிவு செய்தல். மூன்றாவது, இருபுற மறைப்பு. ஊசி பெறுவாரும் அதனை மதிப்பிடுவாரும் எது யாருக்குச் சென்றது என்பதனை அறியாதிருத்தல்.

கழுத்துப் பட்டைக்கு நடந்த முடிவான சோதனைகள் இரண்டிலும் இம்மூன்று காவல்களும் இருந்தன. 800க்கு மேற்பட்ட முதிர்ந்தோர் அவற்றில் பங்கேற்றனர். ஊசியிட்ட 14ஆம் நாளை முதன்மையான மதிப்பீட்டு நாளாகக் கொண்டனர். போலி ஊசி பெற்றாரினும் மருந்து பெற்றாருள் மிகப் பலருக்குப் பட்டை தாழ்ந்தது என்பது தெளிவாயிற்று. அதன்மேல் பட்டையின் கடுமைக்கேற்ப 26, 31, 36 யூனிட்டு என்னும் அளவுகள் ஏற்கப்பட்டன. 1990ஆம் ஆண்டுகள் தொடங்கியே வைத்தியர் பலர் தம் பட்டறிவு கொண்டு இவ்வூசியைக் கழுத்தில் இட்டு வந்தனர். அவ்வழக்கத்திற்குச் சான்று கூடியது இச்சோதனைகளாலேயே ஆகும். பலர் செய்தலால் ஒன்று மெய்யாகிவிடாது. காவலோடு சோதித்தலால் மெய்யாகின்றது.

இம்முறை நம் மாநிலத்திற்குப் புதிதன்று. காசநோய்க்கு மருந்து தோன்றிய புதிதில், நோயாளரை மருத்துவமனையிலேயே நெடுநாள் வைத்துப் பேணுதல் இன்றியமையாதது என்று உலகம் நம்பியிருந்தது. 1956ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் மருந்தாராய்ச்சி நிலையத்தார், நகரத்து ஏழை நோயாளரைச் சீட்டு முறையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியாரை வீட்டில் வைத்தும் ஒரு பகுதியாரை மருத்துவமனையில் வைத்தும் அதே மருந்துகளை வழங்கினர். வீட்டு மருத்துவம் தாழ்ந்ததன்று என்பது 1959ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியால் விளங்கிற்று. படுக்கையில்லாத நாடுகள் பலவற்றிற்கும் அது வழிகாட்டியாயிற்று. அச்சோதனையில் இடர்ப்பட்டவரும் ஏழை நோயாளர்; அதனாற் பயன் பெற்றவரும் ஏழை நோயாளர். துலாக்கோலின் இரு தட்டிலும் ஒரே மக்கள் நின்றனர்.

கழுத்துப் பட்டைச் சோதனையில் அத்தட்டுக்களை நோக்குவாம்.

இடரும் பயனும்

கழுத்தின் மேல்தசைக்குக் கீழே, விரல் நுழையும் ஆழத்திற்கும் குறைவான தொலைவில், விழுங்குதற்கும் குரலெழுப்புதற்கும் உரிய தசைகள் உள்ளன. ஊசி ஆழ்ந்து சென்றாலும், அளவு மிகுந்தாலும், மருந்து பரவினாலும் அத்தசைகள் தளரக்கூடும், விழுங்குதல் இடர்ப்படும், குரல் மாறும், தலையைத் தாங்கும் வலிமை குன்றும். ஏற்றிய இடத்திலிருந்து நஞ்சு அப்பாற் பரவி விழுங்குதலையும் மூச்சையும் தடுக்கலாம் என்னும் எச்சரிக்கையை, கட்டமிட்டு முதலிடத்தில் அச்சிடுமாறு 2009ஆம் ஆண்டில் அமெரிக்க ஆட்சியகத்தார் இம்மருந்துகள் அனைத்திற்கும் விதித்தனர். தசை நரம்பு நோயுள்ளாரும், முன்பே விழுங்க இடர்ப்படுவாரும் சிறப்பாக அஞ்சவேண்டியவர். அழகுக்கு இடும் சிற்றளவில், தேர்ந்த கையினர் இடும்போது இவை அரியன என்பதும் மெய்யே. அரியன என்பது இல்லையென்று ஆகாது.

கழுத்துக்கோணல் நோயாளர் இதனினும் பெரிய அளவை ஏற்று, அவ்விடரையும் அறிந்தே ஏற்கின்றனர். ஏனெனின், மறுதட்டில் அவர்களுடைய நோவு உள்ளது. பட்டையுடையார்க்கோ மறுதட்டில் உள்ளது தோற்றம் ஒன்றே. தோற்றத்தை நாம் இகழ்தல் வேண்டா. மேடையேறிப் பாடுவாரும், மக்கள் முன் நின்று பிழைப்பாரும், தம் முகத்தை நோக்கி மனம் வாடுவாரும் உளர். அவர் தம் பொருளைச் செலவிட்டு, இடரை அறிந்து, தம் உடம்பில் ஒன்று செய்துகொள்வாராயின் அதனைத் தடுக்க நாம் யார்? ஆனால், சோதனையில் பங்கேற்பவர் நிலை வேறு. பிறருடைய பிற்கால அழகுக்காகத் தம் இன்றைய கழுத்தைக் கொடுப்பவர் அவர். அவருட் சிலர்க்குப் போலி ஊசியே கிடைக்கும். நோயைத் தீர்க்கும் சோதனையில் "இதனால் நோய் தீரக்கூடும்" என்னும் நம்பிக்கையேனும் ஓர் ஈடாக நிற்கும். நோயில்லாச் சோதனையில் அந்த ஈடு இல்லை. ஆகவே, அவருடைய முழு அறிவும் முழு விருப்பமுமே அச்சோதனையை நேர்மையுடையதாக்குவன, வேறெதுவும் ஆக்காது. பயன் குறையக் குறைய ஒப்புதலின் தூய்மை மிகுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஒப்புதலும் மொழியும்

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியான புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனைகள் விதிகள் இதற்கு வேலியிடுகின்றன. ஒவ்வொரு சோதனையையும் குறைந்தது எழுவர் கொண்ட ஓர் அறநெறிக் குழு ஆராய்தல் வேண்டும். அதில் வைத்தியரேயன்றிச் சட்டம் அறிந்தவரும், ஒரு பெண்மணியும், பொதுமக்களுள் ஒருவரும் இருத்தல் வேண்டும். சமூக நூலார், தத்துவம் அல்லது சமய நூல் வல்லார் போன்ற பிற துறையாருள் ஒருவரும் இடம் பெறுதல் வேண்டும். பங்கேற்பவருக்கு விளங்கும் மொழியில், கலைச்சொற் சிக்கலின்றி, ஒப்புதற் படிவம் அமைதல் வேண்டும். எழுதப் படிக்க அறியாதவராயின், சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும். எந்நாளும் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. சோதனையால் ஊறு நேரின் இலவச மருத்துவமும் ஈட்டுத்தொகையும் உண்டு. சோதனைகளைப் பதிவு செய்யும் பொதுப் பதிவேடும் 2007ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் உள்ளது. 2009ஆம் ஆண்டு ஜூன் முதல் அப்பதிவு கட்டாயமாயிற்று.

வேலி எதற்கு என்பதனை ஒரு நிகழ்ச்சி காட்டும். 2009ஆம் ஆண்டில், அக்காலத்து ஆந்திரத்தைச் சேர்ந்ததும் இன்று தெலங்கானத்தில் உள்ளதுமான கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் தடுப்பூசி பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமியர்க்கு ஒரு செயல்விளக்கத் திட்டமாக இடப்பட்டது. அவருட் பலர் பழங்குடியினர். விடுதிகளில் தங்கிப் பயின்றவர். 2010ஆம் ஆண்டில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. ஆய்ந்து பார்த்தபோது, ஆந்திரத்துப் படிவங்கள் 9,543இல் 1,948 பெருவிரல் ரேகை மட்டும் பெற்றிருந்தன. 2,763 படிவங்களில் பெற்றோருக்கு மாறாக விடுதிக் காப்பாளர் கையொப்பமிட்டிருந்தனர். 2013ஆம் ஆண்டில் நாடாளுமன்ற நிலைக்குழு இதனை வன்மையாகக் கண்டித்தது. அத்தடுப்பூசி பயனற்றதன்று, உயிர்காக்கும் பொருளே. உயிர்காக்கும் பொருளுக்கே ஒப்புதல் இவ்வாறு பொய்படுமாயின், தோற்றத்திற்குரிய ஊசிக்கு நாம் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

இவ்விடத்தே எம்மூராகிய பேரிகையை நினைத்தல் தகும். கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி வட்டத்தில், கருநாடக எல்லையை அடுத்து நிற்பது அவ்வூர். ஒரு வழி ஓசூருக்குச் செல்லும். மற்றொரு வழி எல்லை கடந்து மாலூருக்குச் செல்லும். ஓசூரில் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அதற்கப்பால் பெங்களூரில் அழகு மருத்துவ நிலையங்களும், மருந்துச் சோதனைகளை ஏற்று நடத்தும் நிறுவனங்களும் பல உள்ளன. எல்லைப்புறத்து மக்களுள் தமிழ் பேசுவார், தெலுங்கு பேசுவார், கன்னடம் பேசுவார் என மூவகையினரும் கலந்து வாழ்கின்றனர். வீட்டில் தெலுங்கும், சந்தையில் கன்னடமும், பள்ளியில் தமிழும் வழங்கும் குடும்பங்கள் பல.

நாளை ஒரு சோதனைக்கு இவ்வூர்த் தொழிலாளி ஒருத்தி அழைக்கப்படுகின்றாள் என்று கொள்வாம். போக்குவரத்துச் செலவும், இழந்த கூலிக்கு ஈடும் தரப்படும் என்று கூறுவர். அவள் கையில் ஒரு படிவம் கொடுக்கப்படும். அஃது ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழில் இருக்குமாயின், தமிழ் கற்றார்க்கே அது விளங்காது. அவளுக்கு எங்ஙனம் விளங்கும்? "இரட்டைக் குருட்டுச் சோதனை" என்று அதில் எழுதியிருப்பின், ஊசியால் கண் கெடும் என்றே அவள் அஞ்சுவாள். "கழுத்து நரம்புக்கு ஊசி" என்று எழுதியிருப்பின், நரம்பு நோய்க்கு மருந்து கிடைக்கின்றது என்று மகிழ்வாள். அச்சமும் மகிழ்ச்சியும் இரண்டும் பொய்யானவை. அவற்றின்மேல் இடப்படும் கையொப்பமும் பொய்யானதே.

ஆதலின், எளிய தமிழில் இங்ஙனம் ஒரு படிவம் அமையலாமென யாம் கருதுகின்றோம்:

"இந்த ஊசி எந்த நோயையும் தீர்ப்பதற்கு அல்ல. கழுத்தில் தெரியும் தசைப் பட்டையைச் சில மாதங்களுக்குக் குறைத்துக் காட்டுவதற்குத்தான். இந்த மருந்து ஒரு விஷத்திலிருந்து செய்யப்படுகிறது. மிக மிகச் சிறிய அளவில் கொடுக்கப்படுகிறது. உங்களுக்கு மருந்து ஊசி கிடைக்கலாம். மருந்து இல்லாத வெறும் ஊசியும் கிடைக்கலாம். எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். சோதனை முடியும்வரை உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. விழுங்கவோ, பேசவோ, மூச்சு விடவோ சிரமம் வந்தால் உடனே வர வேண்டும், இரவானாலும் வரலாம், வைத்தியச் செலவு எங்களுடையது. நீங்கள் எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே, விலகிக்கொள்ளலாம். விலகினால் உங்கள் வேலைக்கும் வேறு வைத்தியத்துக்கும் எந்தக் குறையும் வராது."

இதில் அருஞ்சொல் ஒன்றுமில்லை. இதனைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் அவ்வம்மொழியாரைக் கொண்டே எழுதுவித்தல் வேண்டும். தமிழிலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றுதல் கூடாது. எழுதியபின், படிவத்தை மூடிவிட்டு, "நீங்கள் என்ன விளங்கிக்கொண்டீர்கள்? உங்கள் சொல்லிலே கூறுங்கள்" என்று பங்கேற்பவரையே கேட்டல் வேண்டும். "எனக்கு வெறும் ஊசியும் கிடைக்கலாம், இது வியாதிக்கு அல்ல, வேண்டாமென்றால் நான் போகலாம்" என்று அவர் தம் வாயால் கூறும் வரையில் கையொப்பம் வாங்குதல் தகாது. தேர்வறையில் நாம் நூற்பொருளை நம் சொல்லால் எழுதினாலன்றி ஆசிரியர் நம்மைக் கற்றவராகக் கொள்வதில்லை. அதே நெறி இங்கும் பொருந்தும்.

இது மொழி மாணவர் செய்யத்தக்க தொண்டு. நம் கல்லூரியில் தமிழ் பயில்வார் பலர்; தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகவுடையாரும் உளர். உடற்கூறும் மருந்தும் பயிலும் அன்பர்களோடு கூடியமர்ந்து, மருத்துவமனைகளில் வழங்கும் படிவங்களைக் கேட்டு வாங்கிப் படித்து, விளங்காத இடங்களைக் குறித்துத் திருத்தி வழங்குதல் நம்மால் இயலாததன்று. அறநெறிக் குழுவில் பொதுமக்களுள் ஒருவராய் அமர்வாருக்கு, இப்படிவம் விளங்குகின்றதா என்று வினவும் உரிமை உண்டு. நம் பழைய மாணவருள் அவ்விடம் பெறுவார் அவ்வினாவை விடாது கேட்பாராக.

இறுதியாக ஒரு சொல்லாராய்ச்சி. கழுத்துக்குத் தமிழர் கழுத்து என்பர். தெலுங்கர் மெட என்பர். கன்னடர் குத்திகெ என்பர். உறுப்பின் பெயர் மூன்று மொழியிலும் வேறுபட்டது. ஆனால், "ஒப்பு" என்னும் அடியோ மூன்றிற்கும் பொதுவானது. தமிழில் ஒப்புதல், கன்னடத்தில் ஒப்பிகெ, தெலுங்கில் ஒப்புகொனுட. அவ்வடி தமிழில் இரு பொருள் தரும். உடன்படுதல் ஒன்று, சமமாதல் மற்றொன்று. சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் அறிவில் ஒத்து நின்றபின்னரே அவர்க்குள் நிகழும் உடன்பாடு ஒப்புதல் என்னும் பெயருக்கு உரியதாகும். சோதிப்பவர் அறிந்தது அனைத்தையும் அவள் மொழியில் அவளுக்கு அறிவித்தபின், ஊசியை அவள் ஏற்பதும் மறுப்பதும் அவள் விருப்பம். அதுவரையில் அவள் கையெழுத்தைக் கேளாதிருத்தலே முறை.